லினக்ஸில் கணினி விளையாட்டுகள்: ஆடுவோரும் ஆக்குவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளை வைத்திருக்கும் பலர் அதன்பின் லினக்ஸ் பக்கம் திரும்பியுள்ளனர். தங்கள் விளையாட்டுகள் அங்கே ஓடுமா என்பதுதான் அவர்களுடைய முதல் ஐயம். இப்பக்கத்தின் முற்பகுதி அவர்களுக்கானது. பிற்பகுதி, தாம் எழுதிய விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவர நினைக்கும் நிரலாளர்களுக்கானது.

விண்டோஸுக்கென வெளியான விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுமா?

தனியாக ஆடும் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஓடும். வால்வ் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமின் செயலியை நிறுவி, அமைப்புகளில் ‘ஸ்டீம் ப்ளே’ இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸில் செய்வதைப் போலவே நிறுவும் பொத்தானை அழுத்தினால் போதும். எஞ்சிய வேலையை, வைன் என்னும் மென்பொருளின் மேல் கட்டப்பட்ட ப்ரோட்டான் என்னும் இணக்க அடுக்கு திரைக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளும். ஓடாதவை பெரும்பாலும் இணையவழிப் போட்டி விளையாட்டுகள். அவற்றின் தடைக்குக் காரணம் வேறு. அது கீழே தனியாகச் சொல்லப்பட்டுள்ளது. ஒரு குறிப்பிட்ட விளையாட்டைப் பற்றி அறிய, அதை ஆடிப் பார்த்தவர்கள் தங்கள் கணினியின் விவரங்களோடு முடிவுகளைப் பதியும் ப்ரோட்டான்டிபி தளத்தைப் பார்க்கலாம். அங்கே மதிப்பீட்டைக் காட்டும் பதக்க நிறத்தை மட்டும் பார்க்காமல், உங்களுடையதைப் போன்ற கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர் அண்மையில் எழுதிய குறிப்பைத் தேடிப் படிப்பது நல்லது.

வைன் ஓர் எமுலேட்டர்தானே? அப்படியானால் வேகம் எப்படி வரும்?

வைன் எமுலேட்டர் அன்று. எமுலேட்டர் ஒரு கணினியின் செயலியையே மென்பொருளில் உருவகிக்கும்; ஒவ்வொரு கட்டளையையும் அது மாற்றித் தரவேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. விண்டோஸ் நிரலும் லினக்ஸ் நிரலும் ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிக்காகக் கம்பைல் செய்யப்பட்டவை (செயலியின் மொழிக்கு மாற்றப்பட்டவை) என்பதால், வைனில் ஓடும் நிரலின் கட்டளைகள் நேரே செயலிக்குத்தான் போகின்றன. ஒரு கோப்பைத் திறக்கவோ, ஒரு சாளரத்தை உருவாக்கவோ, இன்னொரு இழை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணி) வேலையை முடிக்கும்வரை காத்திருக்கவோ நிரல் இயங்குதளத்தின் உதவியை நாடும்போதுதான் சிக்கல் எழுகிறது. அந்த அழைப்புகளுக்கு விண்டோஸ் என்ன விடை தருமோ அதே விடையைத் தரும்படி, மைக்ரோசாஃப்டின் நிரலில் ஒரு வரியும் எடுக்காமல், புதிதாக எழுதப்பட்ட லைப்ரரிகளின் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதிகளின்) தொகுப்பே வைன்.

1993-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தை 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார்ட் வழிநடத்திவருகிறார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுகள் ‘இன்னும் முடியவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு திட்டம் இவ்வளவு நிதானமாக நிலைபெற்றதைக் கட்டற்ற மென்பொருள் உலகின் பொறுமைக்குச் சான்றாகவே நான் கருதுகிறேன். 64-பிட் விண்டோஸ் கைவிட்டுவிட்ட பழைய 16-பிட் விண்டோஸ் விளையாட்டுகள்கூட வைனில் ஓடுவது இதில் ஒரு வேடிக்கை.

ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் செயலிகொண்ட கணினிகளின் நிலை வேறு. அங்கே செயலியின் கட்டளைகளையும் மாற்ற வேண்டியிருப்பதால், பாக்ஸ்64 அல்லது ஃபெக்ஸ் போன்ற இன்னோர் அடுக்கும் தேவைப்படும்.

வைன் இருக்கும்போது ப்ரோட்டான் எதற்கு?

வைனை மையமாகக் கொண்டு, விளையாட்டுக்குத் தேவையான பிற பகுதிகளையும் சேர்த்து வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட தொகுப்பே ப்ரோட்டான். அவற்றுள் முதன்மையானது டிஎக்ஸ்விகே. விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரைய டைரக்ட்3டி என்னும் இடைமுகத்தைப் பயன்படுத்துகின்றன. அது லினக்ஸில் இல்லை. வைன் நெடுங்காலம் அதை ஓபன்ஜிஎல் அழைப்புகளாக மாற்றிவந்தது. டைரக்ட்3டி 11 வந்தபின் இரண்டுக்கும் இடையிலான அமைப்பு வேறுபாடு பெருகி, மாற்றும் வேலையிலேயே செயலியின் நேரம் கரைந்தது.

2016 பிப்ரவரியில் வல்கன் வெளியான பிறகு நிலைமை மாறியது. கிராஃபிக்ஸ் அட்டைக்கு மிக அருகில் நின்று வேலை செய்யும் இடைமுகம் என்பதால், வேறொரு இடைமுகத்தை அதன்மேல் கட்டுவது எளிதாயிற்று. நியர்: ஆட்டோமாட்டா என்னும் விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பிய பிலிப் ரெபோலே, டைரக்ட்3டி 11-ஐ வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே-ஐ 2017-இல் எழுதத் தொடங்கினார், அடுத்த ஆண்டே வால்வ் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டது. ப்ரோட்டான் அறிவிக்கப்பட்ட அன்று அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட விளையாட்டுகள் 27. நியர்: ஆட்டோமாட்டாவும் அவற்றுள் ஒன்று. டைரக்ட்3டி 12-க்கான அதே வேலையை விகேடி3டி-ப்ரோட்டான் செய்கிறது.

லினக்ஸில் ஆடினால் வேகம் குறையுமா?

விளையாட்டைப் பொறுத்தது. 2012 ஆகஸ்டில் வால்வின் பொறியாளர்கள், தாங்கள் லினக்ஸுக்குக் கொண்டுவந்த லெஃப்ட் 4 டெட் 2 ஒரே கணினியில் விண்டோஸ் 7-இல் நொடிக்கு 270.6 ஃபிரேம்களும் உபுண்டுவில் 315 ஃபிரேம்களும் தந்ததாக அறிவித்தனர். அது பொறியாளர்கள் நேரடியாகச் செதுக்கிய ஒரு போர்ட், அதாவது வேறோர் இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்றிய பதிப்பு. எல்லா விளையாட்டுக்கும் அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. ஏஎம்டி அட்டைகளில் ப்ரோட்டான் வழி ஓடும் விளையாட்டுகள் பெரும்பாலும் விண்டோஸை ஒட்டியே செல்கின்றன; என்விடியா அட்டைகளில் டைரக்ட்3டி 12 விளையாட்டுகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்தங்குவது நெடுநாளைய குறை.

சராசரி வேகத்தைவிட, ஆட்டத்தின் நடுவே ஏற்படும் சிறு தடங்கல்களே ஆடுபவரை அதிகம் எரிச்சலூட்டுகின்றன. அவற்றுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஷேடர்கள் என்னும், கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடிக் காட்சியை வரையும் சிறு நிரல்கள்: ஒரு புதிய காட்சி முதன்முறை தோன்றும்போது அதற்கான ஷேடரை அட்டைக்கு ஏற்பக் கம்பைல் செய்ய வேண்டியிருப்பதால் படம் ஒரு கணம் நிற்கும். ஸ்டீம் ஒரு விளையாட்டைத் தொடங்குமுன் ‘வல்கன் ஷேடர்களை ஆயத்தம் செய்கிறது’ என்று காட்டிச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது இதை முன்கூட்டியே முடிப்பதற்காகத்தான். பொறுமையிழந்து அதைத் தாண்டிவிடுபவர்கள் பின்னர் ஆட்டத்தில் தடங்கல் என்று குறைசொல்வதைப் பார்க்கிறோம்.

இரண்டாவது காரணம் இழைகளின் ஒத்திசைவு. ஓர் இழை இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் வைன் தன் தனிச் சேவையகச் செயல்முறையிடம் செய்தி அனுப்பி விடைபெற வேண்டியிருந்தது. நொடிக்குப் பல்லாயிரம் முறை இது நிகழும் விளையாட்டுகளில் இழப்பு பெரிது. முதலில் ஈசிங்க், பிறகு எஃப்சிங்க் என்று மாற்று வழிகள் வந்தன. எஃப்சிங்குக்குத் தேவையான, ஒரே நேரத்தில் பல பொருள்களுக்காகக் காத்திருக்கும் வசதி, இயங்குதளத்தின் உட்கருவான லினக்ஸ் கெர்னலின் 5.16 பதிப்பில் சேர்ந்தது. இறுதியாக, விண்டோஸ் கெர்னலின் ஒத்திசைவு விதிகளை அப்படியே பின்பற்றும் என்டிசிங்க் என்னும் டிரைவரே 2025 மார்ச்சில் வெளியான கெர்னல் 6.14-இல் முழுமை பெற்றது. விளையாட்டுக்காகக் கெர்னலையே மாற்றும் நிலைக்கு லினக்ஸ் வந்திருப்பது, பத்தாண்டுகளுக்கு முன் யாரும் எதிர்பார்த்திராத ஒன்று.

எந்த லினக்ஸ் வழங்கலை (distribution) தேர்ந்தெடுப்பது?

உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகியவற்றுள் உங்களுக்குப் பழகியதை வைத்துக்கொள்ளுங்கள். புத்தம் புதிய கிராஃபிக்ஸ் அட்டை வாங்கியிருந்தால் மட்டும், கெர்னலையும் மெசா என்னும் கட்டற்ற கிராஃபிக்ஸ் டிரைவர்களையும் விரைவாகப் புதுப்பிக்கும் ஃபெடோரா அல்லது ஆர்ச் வகை வழங்கல் தேவைப்படும். ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியில் வால்வ் பயன்படுத்தும் ஸ்டீம் ஓஎஸ் 3, ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்டது. ‘விளையாட்டுக்கென்றே’ என்று விளம்பரப்படுத்தப்படும் வழங்கல்கள் சில அமைப்புகளை முன்கூட்டியே செய்துதருகின்றனவே தவிர, மற்றவற்றால் இயலாத எதையும் செய்வதில்லை.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. கிராஃபிக்ஸ் அட்டை தனியாக இல்லை. ஏதாவது ஆட முடியுமா?

முடியும், ஆனால் எதிர்பார்ப்பைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். டிஎக்ஸ்விகே-இன் 2.0 பதிப்பு, 2022 நவம்பர் முதல், வல்கன் 1.3-ஐக் கட்டாயமாக்கியுள்ளது. 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் வல்கனே இல்லை. அதற்கடுத்த இரண்டு தலைமுறைகளிலும் அது அரைகுறைதான். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்த மடிக்கணினிகளைப் போன்ற பழைய கணினிகளில் ப்ரோட்டானைத் தொடங்கினால், பல வேளைகளில் கரிய சாளரம் ஒன்று தோன்றி மறைவதோடு சரி. அத்தகைய கணினியில், வல்கனை விட்டுவிட்டு ஓபன்ஜிஎல் வழியாகவே வரையும்படி வைனை அமைத்துக்கொண்டால், டைரக்ட்3டி 9 காலத்து விளையாட்டுகள் பல ஓடும்.

அதைவிட நல்ல வழி, லினக்ஸுக்கென்றே உள்ள கட்டற்ற விளையாட்டுகளை நாடுவது. வியூகப் பிரியர்களுக்கு பேட்டில் ஃபார் வெஸ்னாத், போக்குவரத்து நிறுவனம் நடத்த விரும்புவோருக்கு ஓபன்டிடிடி, பிள்ளைகளுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட், கட்டங்களை அடுக்கி உலகம் கட்ட லுவான்டி. மைன்டெஸ்ட் என்று பலருக்கும் தெரிந்திருந்ததே 2024 முதல் லுவான்டி என்னும் பெயரில் வழங்குகிறது. வெஸ்னாத்துக்கும் ஓபன்டிடிடிக்கும் பதினைந்து வயதான மடிக்கணினியே போதும்.

விண்டோஸின் வட்டுப் பகிர்வில் (partition) ஏற்கெனவே உள்ள விளையாட்டுகளை லினக்ஸிலிருந்து அப்படியே திறக்கலாமா?

கூடாது. ஒரே விளையாட்டை இரண்டு முறை பதிவிறக்காமல் தவிர்க்கப் பலர் இதைச் செய்து, பிறகு தவிக்கிறார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ப்ரோட்டான் ஒரு தனிக் கோப்புறையில் போலி விண்டோஸ் வட்டு ஒன்றை உருவாக்குகிறது. அதனுள் ‘சி’ என்னும் எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். விண்டோஸின் கோப்பு வடிவமான என்டிஎஃப்எஸ் கொண்ட வட்டில் அந்தப் பெயர் விண்டோஸுக்கு ஏற்புடையதன்று. லினக்ஸ் டிரைவர் அதை எழுத அனுமதித்தாலும், அடுத்தமுறை விண்டோஸ் அந்த வட்டைச் சோதிக்கும்போது அதைப் பழுது என்று கருதக்கூடும். விண்டோஸ் விரைவுத் தொடக்கத்தில் இருந்தால் வட்டு முழுமையாக மூடப்படாமல் இருப்பது இன்னொரு தொல்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் வடிவில் ஒரு பகிர்வை ஒதுக்கி, விளையாட்டின் கோப்புகளை அங்கே படியெடுத்துவிட்டு, ஸ்டீமிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். பதிவிறக்கம் மிச்சமாகும்.

இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சில ஏன் ஓடுவதே இல்லை?

ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான் காரணம். ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதல் ப்ரோட்டானை ஏற்கின்றன. ஆனால் அந்த ஏற்பை ஒவ்வொரு விளையாட்டின் தயாரிப்பாளரும் தாமே இயக்கிவிட வேண்டும். எல்டன் ரிங் போன்றவற்றில் அது நடந்தது. வேறு பலவற்றில் நடக்கவில்லை. நடந்தபின் திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. லினக்ஸ் வழியாக ஏமாற்றுபவர்களைக் கண்டறிவது கடினம் என்று காரணம் காட்டி, ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவை மூடியது. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டதும் லினக்ஸ் பயனர்கள் வெளியே நின்றனர்.

வாலரன்ட், லீக் ஆஃப் லெஜென்ட்ஸ் ஆகியவற்றில் உள்ள வேன்கார்ட் இன்னும் ஒருபடி ஆழமானது. அது விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே டிரைவராக அமர்ந்து கணினி முழுவதையும் கண்காணிக்கிறது. வைன் கெர்னலுக்கு மேலே, பயனரின் எல்லைக்குள் ஓடுவதால், அத்தகைய டிரைவருக்கு அமர்வதற்கே இடமில்லை. லினக்ஸ் கெர்னலுக்கென்று ஒன்றை எழுதினாலும், கெர்னலையே தன் விருப்பப்படி மாற்றிக் கம்பைல் செய்துகொள்ளும் உரிமை பயனருக்கு இருப்பதால், அந்த டிரைவர் தனக்குக் கிடைக்கும் தகவலை நம்ப முடியாது என்று தயாரிப்பாளர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், ஒரு விளையாட்டுக்காகக் கணினியின் கருவறைவரை ஓர் அந்நிய நிறுவனத்தை அனுமதிப்பது சரிதானா என்ற கேள்வி விண்டோஸ் பயனர்களுக்கும் பொருந்தும். நண்பர்களோடு வாலரன்ட் ஆடியே தீர வேண்டும் என்பவர்கள் விண்டோஸை வைத்துக்கொள்வதே நேர்மையான அறிவுரை. வேறு வழிகளில் ஏமாற்றி நுழைய முயன்றால் கணக்கு முடக்கப்படலாம்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவை லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகின்றன.

ஸ்டீமில் வாங்காத விளையாட்டுகளை என்ன செய்வது?

ஜிஓஜி, எபிக் கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்னும் செயலி போதும். குறுந்தகட்டில் உள்ளவை, பழைய நிறுவிக் கோப்புகள் போன்றவற்றுக்கு லுட்ரிஸ் அல்லது பாட்டில்ஸ் உதவும்.

விளையாட்டு தொடங்கியவுடன் மூடிக்கொள்கிறது. எங்கிருந்து தேடுவது?

முதலில் வேறொரு ப்ரோட்டான் பதிப்பைத் தேர்ந்து பாருங்கள். விளையாட்டின் பண்புகளில் ‘இணக்கம்’ பகுதியில் இதற்கு இடமுண்டு. அடுத்து, உங்கள் வல்கன் டிரைவர் உண்மையிலேயே வேலை செய்கிறதா, 64-பிட்டோடு 32-பிட் டிரைவரும் நிறுவப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பழைய விளையாட்டுகள் 32-பிட். அந்த ஒரு பொதியை நிறுவாததால் மட்டும் திணறும் கணினிகள் ஏராளம். அதற்கும் மசியவில்லையென்றால் ப்ரோட்டானின் நிகழ்வுப் பதிவை (log) இயக்கி, கடைசிச் சில வரிகளைப் படியுங்கள்.

ஆட்டம் நன்றாக ஓடி, இடையே வரும் கதைக் காணொளி மட்டும் வண்ணப் பட்டைகளாகத் தெரிந்தால் அது உங்கள் கணினியின் பழுதன்று. அந்தக் காணொளி காப்புரிமையுள்ள வடிவில் இருப்பதால் ப்ரோட்டான் அதை நேரடியாகக் காட்டுவதில்லை. வால்வ் வேறு வடிவுக்கு மாற்றிய படி வந்துசேரும்வரை அந்தப் பட்டைகளை இட்டு நிரப்புகிறது.

விளையாட்டுகளை லினக்ஸுக்கு போர்ட் செய்யும் முயற்சி எப்போது தொடங்கியது?

ஏறத்தாழ லினக்ஸ் தோன்றிய காலத்திலேயே. 1993 டிசம்பரில் டாஸ் இயங்குதளத்துக்கு வெளியான டூம், அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேரில் பணியாற்றிய டேவ் டெய்லரின் கைவண்ணத்தில் 1994-லேயே லினக்ஸில் ஓடியது. ஆனால் அதைத் தொழிலாகவே செய்யலாம் என்று துணிந்தது, ஸ்காட் டிரேக்கர் 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர். சிவிலைசேஷன்: கால் டு பவர், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, சிம்சிட்டி 3000 என்று பல விளையாட்டுகளைப் பெட்டியில் வைத்து விற்ற அந்நிறுவனம் 2002 ஜனவரியில் மூடப்பட்டது. விண்டோஸ் பதிப்பு வெளியாகிப் பல மாதங்கள் கழித்து, முழு விலையில், அதுவும் ஏற்கெனவே விண்டோஸ் பதிப்பை வாங்கிவிட்டவர்களிடம் விற்க வேண்டியிருந்தது என்பதே அதன் சிக்கல்.

லோகி மறைந்தாலும் அதன் கருவிகள் மறையவில்லை. அங்கே முதன்மை நிரலாளராக இருந்த சாம் லான்டிங்கா எழுதிய எஸ்டிஎல் லைப்ரரி, சாளரம், விசைப்பலகை, ஒலி, விளையாட்டுக் கைப்பிடி ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி கையாள உதவுகிறது. அதன் மூன்றாம் தலைமுறையின் நிலையான பதிப்பு 2025 ஜனவரியில் வெளிவந்தது. முப்பரிமாண ஒலிக்கான ஓபன்ஏஎல்-உம் லோகியில் முளைத்ததே. ஒரு நிறுவனத்தின் வணிகத் தோல்வியிலிருந்து இத்தனை விளைச்சல் கிடைத்ததற்கு, அது தன் கருவிகளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்ததே காரணம்.

2010 மே மாதம் வெளியான முதல் ஹம்பிள் இண்டி பண்டில் என்னும் விளையாட்டுத் தொகுப்பு, விரும்பிய விலையைக் கொடுத்து வாங்கலாம் என்று அறிவித்தபோது, லினக்ஸ் பயனர்கள் சராசரியாக விண்டோஸ் பயனர்களைவிட அதிகம் கொடுத்தனர். லினக்ஸ்காரர்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்ற பேச்சு அதன்பின் சற்று அடங்கியது. ஸ்டீம் 2013 பிப்ரவரி 14 அன்று லினக்ஸுக்கு முறையாக வந்தது.

என் விளையாட்டை போர்ட் செய்ய விரும்புகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மூடிய லைப்ரரிகளை. ஒலிக்கும் காணொளிக்கும் இயற்பியலுக்கும் நீங்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் லைப்ரரி ஒவ்வொன்றும் லினக்ஸுக்கு உண்டா என்று முதலில் பட்டியலிடுங்கள். ஒன்று இல்லையென்றாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். டூமின் மூலநிரல் 1997-இல் வெளியிடப்பட்டபோது டாஸ் பதிப்பு வெளிவரவில்லை. அதிலிருந்த ஒலி லைப்ரரி வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால் லினக்ஸ் பதிப்பே வெளியிடப்பட்டது.

அடுத்து கோப்புப் பெயர்கள். விண்டோஸ் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. ஓவியர் முதல் எழுத்தைப் பேரெழுத்தாக வைத்துச் சேமித்த படத்தை நிரல் சிற்றெழுத்தில் கேட்டால், விண்டோஸில் சுவருக்குக் கல் தெரியும், லினக்ஸில் வெறும் இளஞ்சிவப்பு தெரியும். எல்லாப் பெயர்களையும் சிற்றெழுத்தாக்கும் ஒரு சிறு நிரலைக் கட்டமைப்பின்போதே ஓட்டிவிடுவது, ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட மேல். கோப்புறைகளைப் பிரிக்கும் பின்சாய்கோடுகளையும் அப்போதே முன்சாய்கோடாக மாற்றிவிடலாம்.

மூன்றாவது, சேமிப்புக் கோப்புகள். சி மொழியில் ‘லாங்’ என்று அறிவிக்கப்பட்ட எண் 64-பிட் விண்டோஸில் 4 பைட். 64-பிட் லினக்ஸில் 8 பைட். பதிப்பெண், கட்ட எண் என்று இரண்டு ‘லாங்’ எண்களைக் கொண்ட தலைப்பகுதியை நினைவகத்திலிருந்து அப்படியே கோப்பில் எழுதினால், அங்கே 8 பைட், இங்கே 16 பைட். விண்டோஸில் சேமித்த ஆட்டம் மேகச் சேமிப்பு வழியாக லினக்ஸுக்கு வந்து திறக்கப்படும்போது, வீரனின் நலம் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ எண் இருக்கும். அளவு உறுதியான எண் வகைகளையே பயன்படுத்துங்கள். அகல எழுத்து வகைக்கும் இதே கதைதான்: அங்கே 2 பைட், இங்கே 4. உரையை யூடிஎஃப்-8-இல் வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை.

தசமப் புள்ளியில் ஒளிந்திருக்கும் பிழை தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சோதித்தால் அகப்படவே அகப்படாது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள். விளையாட்டு பயனரின் மொழி அமைப்பை ஏற்றுக்கொண்டு, அமைப்புக் கோப்பிலிருந்து ‘0.5’ என்பதைப் படித்தால், அக்கணினிகளில் அது சுழியத்தோடு நின்றுவிடும். ஒலி கேட்காது, அல்லது பாத்திரம் நகராது. இப்படி ஒரு முறையீடு வந்தால் எழுதியவரின் நாட்டை முதலில் பாருங்கள்.

வரைபடப் பகுதி பலரும் அஞ்சுவது. இன்று அவ்வளவு அஞ்சத் தேவையில்லை. டிஎக்ஸ்விகே-ஐ விளையாட்டோடு நேரடியாக இணைத்து, டைரக்ட்3டி அழைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு லினக்ஸ் நிரலாகக் கட்ட முடியும். வால்வே தன் போர்ட்டல் 2-க்கும் லெஃப்ட் 4 டெட் 2-க்கும் வல்கன் வசதியை 2021-இல் இவ்வழியில்தான் சேர்த்தது. யூனிட்டி, அன்ரியல், கோடோ ஆகிய, விளையாட்டுகளை ஆக்க உதவும் எஞ்சின்களில் எழுதியவர்களுக்கு இப்பகுதி ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டது.

என் கணினியில் கட்டிய நிரல் மற்றொரு வழங்கலில் திறக்க மறுக்கிறது. ஏன்?

ஜிலிப்சி என்னும் அடிப்படை லைப்ரரி காரணமாக இருக்கும். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. ஆகவே, உங்கள் மேசையில் உள்ள புதிய வழங்கலில் கட்டாமல், ஸ்டீம் தரும் இயக்கச் சூழலுக்குள் கட்டுங்கள். அவற்றுள் ‘ஸ்கவுட்’ என்பது உபுண்டு 12.04-ஐயும் ‘ஸ்னைப்பர்’ என்பது டெபியன் 11-ஐயும் அடிப்படையாகக் கொண்டவை. பயனரின் கணினியிலும் விளையாட்டு அதே லைப்ரரிகளோடு ஒரு கொள்கலனுக்குள் ஓடும் என்பதால், வழங்கல்களுக்கிடையிலான வேறுபாடுகள் பெருமளவு மறைந்துவிடுகின்றன.

பழையது புதியதில் ஓடும் என்ற விதிக்கும் இடறல் உண்டு. 2022 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.36 வெளியானபோது, பழைய வகைக் குறியீட்டு அட்டவணை ஒன்றை அதிலிருந்து நீக்கினர். அந்த அட்டவணையை நேரடியாகப் படித்துவந்த ஈசி ஆன்டி-சீட் செயலிழந்தது. சில வழங்கல்கள் அதைத் தாமே மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ப்ரோட்டான் இவ்வளவு நன்றாக ஓடும்போது தனியாக ஒரு லினக்ஸ் பதிப்பு தேவைதானா?

பராமரிக்க ஆளில்லையென்றால் தேவையில்லை. வெளியீட்டு நாளில் ஒரு லினக்ஸ் பதிப்பைத் தந்துவிட்டு, பிறகு விண்டோஸ் பதிப்பை மட்டும் புதுப்பித்துக்கொண்டே போவது ஆடுபவருக்குச் செய்யும் தீங்கு. இணையவழியில் நண்பரோடு சேர முடியாது, சேமிப்புகள் பொருந்தா, சில ஆண்டுகளில் லைப்ரரிகள் நகர்ந்துபோய் விளையாட்டு திறக்கவே திறக்காது. அப்படிப்பட்ட லினக்ஸ் பதிப்பை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் பதிப்பை ப்ரோட்டானில் ஓட்டுமாறு பயனர்களே ஒருவருக்கொருவர் அறிவுறுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ராக்கெட் லீக் 2020 மார்ச்சில் தன் லினக்ஸ் ஆதரவை நிறுத்திக்கொண்டபோது, அதுவரை ஆடிவந்தவர்களுக்கு எஞ்சியது இவ்வழியே. லினக்ஸில் உள்ள உறுதியான இடைமுகம் விண்டோஸின் இடைமுகம்தான் என்று நிரலாளர்கள் சொல்லும் நகைச்சுவையில் கசப்பான உண்மை இருக்கிறது.

ஆனால் பராமரிக்க ஆளிருந்தால், நேரடிப் பதிப்பு தரும் பலன்கள் வேறு எவ்வழியிலும் கிடைப்பதில்லை. தொழிற்சாலை கட்டும் விளையாட்டான ஃபேக்டோரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொழிற்சாலையைச் சேமிக்கும்போது விண்டோஸில் ஆட்டம் சில நொடிகள் உறைந்து நிற்கும். லினக்ஸ் பதிப்பில், ஒரு செயல்முறையை அப்படியே இரண்டாகப் பிரிக்கும் யூனிக்ஸின் பழைய வசதியைப் பயன்படுத்தும் தேர்வு உண்டு: பிரிந்த படி அக்கணத்து உலகைப் பின்னணியில் வட்டில் எழுதிக்கொண்டிருக்க, ஆட்டம் தடையின்றித் தொடர்கிறது. இயங்குதளத்தை அறிந்து எழுதப்பட்ட போர்ட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. விண்டோஸ் பதிப்பை மட்டும் தந்து, அதை ப்ரோட்டானில் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் சோதித்து, பிழை அறிக்கைகளை ஏற்றுக்கொள்வது. சிறு குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸ் பயனர்களின் பங்கு 2025 அக்டோபரில்தான் 3 சதவீதத்தைத் தாண்டியது. அந்த எண்ணிக்கைக்காக இருவர் கொண்ட குழு தனிப் பதிப்பைச் சுமக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது.

விளையாட்டில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. இது லினக்ஸின் குறையா?

இல்லை, எஞ்சினின் குறை. ‘கொ’ என்பதில் ஒகரக் குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் வர வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மு’ ஆகியவற்றில் எழுத்தின் உருவமே மாறும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு படம் என்று வரிசையாக ஒட்டிச்செல்லும் எஞ்சினால் இதைச் செய்ய இயலாது. ஹார்ஃபஸ் என்னும் எழுத்து வடிவாக்க லைப்ரரி தேவை. கோடோவின் நான்காம் பதிப்பு, 2023 மார்ச் முதல், அதைத் தன்னுள் கொண்டுள்ளது. மூன்றாம் பதிப்பில் தமிழ் சரியாக வராது. எஸ்டிஎல் பயன்படுத்துவோர், அதன் எழுத்துரு லைப்ரரியை ஹார்ஃபஸ் வசதியோடு கட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துருவையும் விளையாட்டோடு சேர்த்தே அனுப்புங்கள். பயனரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

மூலநிரல் வெளியிடப்பட்ட பழைய விளையாட்டுகளை இலவசமாக ஆடலாமா?

நிரலை இலவசமாகப் பெறலாம். ஆட்டத்தின் படங்களும் இசையும் கட்டங்களும் பெரும்பாலும் அதில் அடங்கா. 1999-இல் ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்துக்கு மாறிய டூம், அதே ஆண்டு டிசம்பரில் வெளியிடப்பட்ட குவேக், 2005-இல் வந்த குவேக் 3 ஆகிய எல்லாவற்றிலும் எஞ்சின் மட்டுமே கட்டற்றது. தரவுக் கோப்புகள் இன்றும் விற்பனைக்குரியவை. மாரோவிண்டு என்னும் விளையாட்டுக்காகப் புதிதாக எழுதப்பட்ட ஓபன்எம்டபிள்யூ, பழைய சாகச விளையாட்டுகளுக்கான ஸ்கம்விஎம் ஆகியவற்றின் நிலையும் இதுவே. விளையாட்டை ஜிஓஜி போன்ற கடையில் வாங்கி, அதன் தரவுக் கோப்புகளை மட்டும் எடுத்து, புதிய எஞ்சினின் கோப்புறையில் வைத்தால் ஓடும். காசு செலவழிக்காமல் டூம் எஞ்சினில் ஆட விரும்புவோருக்கு ஃப்ரீடூம் இருக்கிறது. அதன் படங்களும் ஒலிகளும் கட்டங்களும் தன்னார்வலர்கள் புதிதாக ஆக்கியவை.